ஐந்து எண்களும் ஜோசியமும்

ஆப்ஷன் வியாபாரம் சொல்லித்தரும் வகுப்புகளில் இப்போது 'ஹெஸ்டன் மாடல்' என்ற பெயர் அடிபடுகிறது. ஐந்து எண்களைப் போட்டால் சரியான விலை வந்துவிடுமாம். அதற்குக் கீழே கிடைப்பதை வாங்கினால் லாபமாம். பென்ஷன் பணத்தோடு அங்கே போகும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1973-ல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம், பங்கு விலையின் ஏற்ற இறக்க அளவு மாறாது என்று வைத்துக்கொண்டது. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதன் பிறகு, சந்தை விழுந்தால் கைகொடுக்கும் புட் ஆப்ஷன்களுக்கு அந்தச் சூத்திரம் சொல்வதைவிட அதிக விலை கேட்டார்கள். 1993-ல் ஸ்டீவன் ஹெஸ்டன், அந்த அளவே ஏறி இறங்கும் என்று வைத்துப் புதுக் கணக்கு போட்டார். கணக்கில் குறையில்லை.

ஐந்து எண்கள் இவைதான்: ஏற்ற இறக்கம் இன்று எவ்வளவு, நாளடைவில் எங்கே நிலைக்கும், அங்கே எவ்வளவு விரைவில் திரும்பும், அது தானே எவ்வளவு ஆடும், பங்கு விலையோடு அதற்கு என்ன உறவு.

இவை எங்கிருந்து வருகின்றன? இன்றைய ஆப்ஷன் விலைகளோடு ஒத்துப்போகும்வரை கம்ப்யூட்டர் திருகித் திருகி எடுக்கிறது. அந்த விலைகளில் சந்தையின் பயமும் கலந்திருக்கிறது. போதாததற்கு, ஆட்டமும் திரும்பும் வேகமும் இரண்டுமே அதிகம் என்று வைத்தாலும், இரண்டுமே குறைவு என்று வைத்தாலும், பல சமயம் கிட்டத்தட்ட ஒரே விலைதான் வரும். இப்படிப் பிறந்த எண்ணை வைத்துச் சந்தை விலை தப்பு என்றால், தப்பு மாடலில் இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சந்தையில் விலையே இல்லாத சிக்கலான ஒப்பந்தங்களுக்கு, விலை உள்ளவற்றை ஒட்டி மதிப்புப் போட வங்கிகளுக்கு இது உதவும். நாளைய நிஃப்டிக்கு இது ஜாதகம் அல்ல.

2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024-ல் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "சார், போன மாதம் எடுத்த ஐந்து எண்களையும் இன்று எடுத்த ஐந்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்." மாறாது என்று வைத்துக்கொண்ட எண்களே மாறியிருந்தால், செக்கை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.