இறுகிய திருகாணி இளகும் வகை

திருமண வீடுகளிலும் வயல்வெளிகளிலும் பறக்கும் ட்ரோன் என்னும் சிறு வானூர்தி, இன்று பல குடும்பங்களின் பிழைப்புக் கருவியாகிவிட்டது. அதன் விசிறி கிளையில் பட்டுச் சிறிதே விள்ளல் கண்டாலும் மாற்றியாக வேண்டும். மாற்ற முனைவோர் திகைத்து நிற்குமிடம் ஒன்றுண்டு. விசிறியை மோட்டாருடன் பிணைக்கும் சின்னஞ்சிறு திருகாணி அசைய மறுக்கும்.

அது துருப்பிடித்து இறுகியதன்று, வேண்டுமென்றே ஒட்டப்பட்டது. நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் மோட்டாரின் அதிர்வில் வெறும் திருகாணி தானே கழன்றுவிடும். ஆகவே அதன் மரையில் துளிப் பசை இடுகின்றனர். நாமறிந்த பசைகள் பல காற்றில் உலர்பவை; இதுவோ காற்றுள்ளவரை நீர்மமாயிருந்து, காற்றற்ற மரையிடுக்கில் உலோகம் தொட்டதும் கெட்டியாகிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953-இல் இதனை உருவாக்கினார். பொதுவாக நீலநிறப் பசை கைக்கருவிக்கு இணங்கும்; செந்நிறப் பசை ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் சூட்டிலன்றி இளகாது.

இதனையறியாது கைவலிமையை நம்புவோரே மிகுதி. பசை விடுமுன் திருகாணியின் தலைக்குழி மழுங்கிவிடும். பிறகு எக்கருவிக்கும் பிடி கிடைப்பதில்லை.

முதலில் மின்கலத்தைக் கழற்றிவிடுக. தலைக்குழியில் ஆட்டமின்றிப் பொருந்தும் திருப்புளியைத் தேர்க. இதில் சிக்கனம் பார்ப்பது வீண். சால்டரிங் அயர்ன் எனப்படும் சூட்டுக்கோலின் முனையைத் திருகாணித் தலையில் மட்டும் சில நொடிகள் வைத்தெடுத்து, சூடு ஆறுமுன் திருப்புளியை நன்றாக அழுத்தி, இடப்புறமாக மெல்லத் திருப்புக. மசியாவிடில் மீண்டும் சூடு காட்டுக. கழிக்கப்போகும் விசிறிதானே என்று நெருப்பு காட்டுவோரும் உளர். விசிறி போகட்டும்; மோட்டாரினுள் உள்ள காந்தங்கள் 80 பாகையைக் கடந்தாலே வலுவிழக்கக் கூடியவை. சில சிறிய வகைகளில் மோட்டார் கெட்டால் அது பொருந்திய கரத்தையே மாற்ற நேரும்.

மோட்டார் உடன் சுழலாதிருக்க, ரப்பர்த் துண்டு சுற்றி விரல்களால் பற்றுக. உள்ளே கம்பி செருகி நிறுத்தினால் செப்புச் சுருள் அறுபடும்.

கழற்றிய திருகாணியை மீண்டும் பூட்டுவது பெருங்கேடு. மணமக்களின் தலைக்குமேல் விசிறி கழன்று தெறிப்பதற்கு அந்த ஒரு சிக்கனம் போதும். புதிய விசிறியுடன் பெரும்பாலும் புதுத் திருகாணியும் தருகின்றனர். அதில் பசை பூசப்படாதிருந்து, தயாரிப்பாளரும் பசையிடச் சொல்லியிருப்பின், நீலப் பசை சிறுதுளி இடுக. அது பிளாஸ்டிக்கில் வழிந்தால் சில வகைப் பிளாஸ்டிக் வெடிப்புக் காணும். பூட்டியபின் பசை முற்றும் இறுக 24 மணி நேரம் ஆகும், அதுவரை பறக்கவிடலாகாது.