மண்வெட்டி எழுதிய சட்டம்

சட்டம் அரசவையிற் பிறப்பது. அதுவும் உயர்ந்தோர் மொழியிலேயே பிறப்பது. உழவன் மொழி வீட்டுக்கும் சந்தைக்குமே போதும் என்று பேசுவார் இன்னும் உளர். பொறியியலுக்கும் அவர்கள் சொல்வது அதுவே. இவர்கள் ஒல்லாந்தரின் கடலணைச் சட்ட வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.

நெதர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ 26 விழுக்காடு கடல்மட்டத்தினும் தாழ்ந்தது. அணை ஓரிடத்தில் உடைந்தால் ஊர் முழுதும் நீர். ஆகவே அங்கே சட்டம் ஏட்டில் ஏறுமுன் கரைமேல் ஏறிற்று. நிலமுடையான் ஒவ்வொருவனும் தன் நிலத்தளவுக்கேற்ப அணையின் ஒரு பகுதியைக் காக்கக் கடமைப்பட்டான். குறித்த நாளில் அணைத்தலைவனும் ஊர்ப்பெரியோரும் கரைமேல் நடந்து பார்ப்பர். பழுது கண்டால் ஒறுப்பு. திருத்தாது விட்டால் மன்றமே ஆள்வைத்துத் திருத்தும்; செலவை இருமடங்காக அவனிடமே தண்டும். காக்க வலியற்றுப் போனவனுக்குப் பல வட்டாரங்களில் ஒரே வழிதான் இருந்தது: மண்வெட்டியை அணையிற் குத்திவிட்டு நிலத்தை விட்டு நீங்க வேண்டும். அம்மண்வெட்டியைப் பிடுங்குபவனுக்கு நிலமும் உரியது, கடமையும் உரியது.

கொடிய சட்டமே, மறுப்பாரில்லை. ஆயினும் எழுத்தறியாதவனும் அதனை அறிந்திருந்தான். நள்ளிரவில் வெள்ளம் ஏறும்போது எவரும் மொழிபெயர்ப்பாளனைத் தேடி ஓட வேண்டியிருக்கவில்லை.

அரசு பின்னரே வந்தது. 1255-இல் ஒல்லாந்துக் கோமகன் இரண்டாம் வில்லியம் இரைன்லாந்து நீர்மன்றத்தாரை ஆவணத்தால் ஏற்றுக்கொண்டான். இசீலாந்து 1273-லும் தெல்ஃபுலாந்து 1289-லும் அவ்வாறே ஏற்கப்பெற்றன. அக்கால ஆவணமொழி இலத்தீன் அன்றோ என்பர். ஆம், ஆவணம் இலத்தீன்தான். அணையோ இலத்தீனால் நிற்கவில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் அணைத்தலைவர் அந்திரீசு வீர்லிங்கு, அணை கட்டுங் கலையை 1570-களில் தம் தாய்மொழியிலேயே நூலாக எழுதினார். அது 1920 வரை அச்சேறாமற் கிடந்தது வேறு துயரம். வடிகாற் காற்றாலைகளைத் திருத்தியமைத்த சீமோன் சுடெவின் இன்னும் ஒருபடி சென்றார். அறிவியலுக்குத் தம் மொழியே தக்கதென 1586-இல் எழுதி நிறுவமுயன்றார். ஐயமற்ற உறுதிக்கலை என்னும் பொருளில் கணக்கியலுக்கு அவர் ஆக்கிய சொல், சிறிது திரிந்து, இன்றும் அந்நாட்டுப் பள்ளிப்பிள்ளையின் நாவில் வழங்குகிறது. ஐரோப்பாவின் பிற மொழிகளிற் பெரும்பாலன கிரேக்கச் சொல்லைக் கடன்கொண்டிருக்க, அவர்கள் கொள்ளவில்லை. 1600-இல் இலெய்டனில் பொறியாளர் பள்ளி தொடங்கியபோது, அவர் வகுத்த பாடத்திட்டப்படி இலத்தீன் விலக்கப்பட்டு மக்கள்மொழியே பாடமொழியாயிற்று. அம்மொழி பேசினோர் தொகை அன்று தமிழினத்தில் ஒரு சிறு கூறளவே. சொற்போதாமை பேசுவோர்க்கு இதற்கு மறுமொழி உண்டா?

உண்டு என்பர் சிலர், 1953-ஐக் காட்டுவர். அவ்வாண்டு சனவரி 31-ஆம் நாளிரவு எழுந்த கடற்பெருக்கில் அந்நாட்டில் 1836 பேர் மாண்டனர். ஈராயிரத்துக்கு மேற்பட்ட சிறு மன்றங்களிடம் பணமில்லை, அணைகள் தாழ்ந்து கிடந்தன என்பது மெய்யே. ஆனால் அணைகள் வலுவற்றவை என்று நடுவணரசின் பொறியாளர் யோகான் வான் வீன் பேரிடருக்கு முன்பே எச்சரித்திருந்தாரே! அவ்வெச்சரிக்கையைக் கேட்டும் காலந்தாழ்த்தியது ஊர்மன்றமா, நடுவணரசா? பழியை உழவன் தலையில் மட்டும் ஏற்றுவது முறையன்று.

1958-இல் தெல்தாச் சட்டம் வந்தது. கழிமுகங்களை அடைப்பதே அதன் நோக்கம். கிழக்குச் செல்டு கழிமுகத்தை முற்றும் மூடிவிட்டால் சிப்பி வளர்ப்பும் மீன்பிடிப்பும் அழியுமென மீனவரும் இயற்கை காப்போரும் எதிர்த்து நின்றனர். அரசு திட்டத்தை மாற்றிற்று: முற்றும் மூடிய சுவருக்கு மாற்றாக, புயலின்போது மட்டும் இறங்கும் மதகுகள். 1986-இல் அவை திறக்கப்பெற்றன.

ஒன்றோடொன்று இணைக்கப்பெற்ற நீர்மன்றங்கள் இன்று 21. நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களிக்கின்றனர். அம்மன்றங்கட்கு அந்நாட்டு அரசமைப்பிலேயே இடமுண்டு. மன்றத்தலைவரை அவர்கள் இன்றும் அழைப்பது, அணைக்கோமான் என்று பொருள்படும் அதே பழஞ்சொல்லால்.