ஏழாம் நாள் தீர்ப்பு யாருக்கு?

மாற்றுக் கல்லீரல் இயங்குமா என்பதற்கு நாம் ஓதும் சூத்திரம்: ஏழாம் நாளில் பிலிருபின் 10 அல்லது ஐ.என்.ஆர். 1.6-ஐ எட்டுதல், இன்றேல் முதல் வாரத்தில் கல்லீரல் நொதிகள் 2000-ஐத் தாண்டுதல். 2010-இல் அமெரிக்காவில், இறந்தோர் கொடையைக் கொண்டு நிறுவப்பட்டது அது. இந்தியாவிலோ பெரும்பாலானவை உயிருள்ள உறவினர் ஈந்த துண்டுகள். வளர்ந்துவரும் சிறு துண்டில் பிலிருபின் தாமதித்து இறங்குவதே தோல்வியாகாது. பிளாஸ்மா ஏற்றித் தாழ்த்திய ஐ.என்.ஆர். வெற்றியுமாகாது.

உறுப்பு அறவே இயங்காதவருக்கு ஏழாம் நாள் வரை அவகாசம் ஏது? முதல் மணிநேரங்களிலேயே குருதியில் லாக்டேட் இறங்கும் வேகம் பேசத் தொடங்குகிறது. அதைக் கேளாமல் வாரக்கடைசியில் எழுதுவது முன்கணிப்பன்று, இரங்கற்குறிப்பு. நம் மருத்துவமனைகள் தரவுகளைப் பூட்டிவைக்காமல் ஒன்றுசேர்த்து, நம் நோயாளிக்குரிய எல்லைகளை வகுக்கட்டும். இரவல் அளவுகோலால் உயிரை அளப்பது அறிவியலாகாது.