அம்மாக்களின் கையிலும் துப்பாக்கி இருந்தது

ஜப்பானியப் பெண் ஓவியர் என்று பேச்செடுத்தால் போதும், யயோய் குசாமாவின் புள்ளிகளைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். பூசணிக்காய், கண்ணாடி அறை, லூயி விட்டோன் கைப்பை. குசாமாவோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் பட்ட பாடு பெரும்பாடு. என் சண்டை, அந்தப் புள்ளிகளைக் காட்டியே மற்றதை மறைக்கிற கலை வியாபாரிகளோடு. ஷிமாதா யோஷிகோ என்று ஒருத்தர் இருக்கிறாரே, அவரைப் பற்றி ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க? அவர் படத்தைக் கைப்பையில் அச்சடிக்க முடியாது. அச்சடித்தால் எந்தச் சீமாட்டியும் தோளில் மாட்ட மாட்டாள்.

ஷிமாதா 1959இல் பிறந்தவர். 1989இல் சக்கரவர்த்தி ஹிரோஹிடோ இறந்தார். போர்க் குற்றத்தில் அவருக்கும் பங்குண்டு என்று 1988 டிசம்பரில் சொன்ன நாகசாகி மேயர் மோதோஷிமாவை 1990 ஜனவரியில் வலதுசாரி ஒருவன் சுட்டான். மேயர் பிழைத்தார். 1991இல் கொரியாவில் கிம் ஹாக் சுன் என்ற மூதாட்டி வெளியே வந்து, ஜப்பான் ராணுவம் தன்னைப் பாலியல் அடிமையாக வைத்திருந்ததை உலகமறியச் சொன்னார். ராணுவம் இந்தப் பெண்களுக்கு வைத்த பேர் ‘ஆறுதல் பெண்கள்’. யாருக்கு ஆறுதல்? கற்பழித்தவனுக்கு!

இந்த ஆண்டுகளில்தான் ஷிமாதா போர்க்கால போட்டோக்களைத் தேடியெடுத்து, உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எட்சிங் படங்கள் செய்தார். அவர் தேடியது தளபதிகளை அல்ல, பெண்களை. 1932இல் ஒசாகாவில் தொடங்கிய தேசப் பாதுகாப்புப் பெண்கள் சங்கத்தின் சீருடை கப்போகி. வீட்டில் சமைக்கும்போது போடுகிற வெள்ளை அங்கி. அதைப் போட்டுக்கொண்டு கொடியாட்டிச் சிப்பாய்களைச் சீனாவுக்கு வழியனுப்பினார்கள். இன்னொரு படத்தில், கொரியாவில் வேலை பார்த்த ஜப்பானியப் போலீஸ்காரர்களின் மனைவிமார் துப்பாக்கி சுடப் பழகுகிறார்கள். சோறு போட்ட கைதான், விசையையும் அழுத்துது.

இங்கேதான் பலருக்குக் கோபம் வருகிறது. “போரை ஆண்கள் நடத்தினார்கள். பெண்கள் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள்தானே?” என்கிறார்கள். இந்த ‘எல்லோரும்’ என்கிற வார்த்தையைத்தான் நான் நம்புவதில்லை. பெண்ணுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய இசிகாவா ஃபுசாயே, போர்க்காலத்தில் அரசோடு ஒத்துழைத்தார். அதற்காக 1947இல் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார். 1950இல் தடை நீங்கிப் பிறகு நாடாளுமன்றம் போனார். அவர் போராட்டம் பொய் இல்லை. ஒத்துழைத்ததும் பொய் இல்லை. முதல் கணக்கை மட்டும் எழுதி, ரெண்டாவதைக் கிழித்துப் போடுவதுக்குப் பேர் வரலாறா?

சக்கரவர்த்தி ஆட்சி பெண்ணை இரண்டாகப் பிளந்தது என்பது ஷிமாதாவின் வாதம். ஒருத்தி தேசத்துக்குப் பிள்ளை பெறும் புனிதத் தாய். இன்னொருத்தி சிப்பாய் வரிசையில் நின்று பயன்படுத்தும் உடம்பு. ஒருத்தியின் சுத்தம் இன்னொருத்தியின் அழுக்கின் மேல்தான் கட்டப்பட்டது. இதை உங்களுக்கு விளக்கணுமா? சுத்தம், தீட்டு என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், அதற்குக் கீழே யாரோ மிதிபடுகிறார்கள் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்த இரண்டாம் வரிசையில் ஜப்பானியப் பெண்களும் இருந்தார்கள். பலர், வறுமையால் வீட்டாரே விபச்சார விடுதிக்கு விற்ற ஏழைப் பிள்ளைகள். வெளியே வந்து பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சியோலில் ஜப்பான் தூதரகத்தின் எதிரே 2011 டிசம்பரில் சிறுமி சிலை வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு லண்டனில், ஜப்பான் தூதரகத்தின் முன் ஷிமாதா தன்னையே சிலையாக்கிக்கொண்டார். கிமோனோ உடுத்தி, வெண்கல நிறம் பூசி, வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜப்பானியப் ‘ஆறுதல் பெண்’ணுக்கு எந்த நாடு சிலை வைக்கும்? சொந்த நாடே விற்றுத் தின்றவளுக்கு?

“அப்படியானால் இவர் தேசத் துரோகி” என்பது அடுத்த கூச்சல். 1993இல் தோயாமா அருங்காட்சியகம், ஹிரோஹிடோ உருவத்தை வைத்து ஓரா நோபுயுகி செய்த படங்களை விற்றுவிட்டு, அவை அச்சான கண்காட்சிப் புத்தகங்களை எரித்தது. பதிலடியாக ஷிமாதா, சக்கரவர்த்தியின் உருவத்தை எட்சிங்காகச் செய்து எரித்தார். நீ புத்தகத்தை எரிச்சா நிர்வாகம், நான் படத்தை எரிச்சா துரோகமா? 2019 ஆகஸ்ட் 1 அன்று ஐச்சி கலை விழாவில், முன்பு தடைபட்ட படைப்புகளுக்கென்று ஒரு பகுதி திறந்தார்கள். அந்தப் படமும் இருந்தது, சிறுமி சிலையும் இருந்தது. பெட்ரோலோடு வருவோம் என்று மிரட்டல் வந்தது. நகோயா மேயரே சிலையை எடு என்றார். மூன்றே நாளில் மூடினார்கள். அக்டோபர் 8 அன்று மறுபடி திறந்தபோது, குலுக்கலில் பேர் வந்தவர்களுக்குத்தான் அனுமதி.

ஒடுக்கியவன் வீட்டிலிருந்து வருகிற கலைஞர்கள் நம் துயரத்துக்குக் கண்ணீர் விடுவது பெரிய காரியமில்லை. அது சுலபம், கைதட்டும் கிடைக்கும். தன் வீட்டு அலமாரியைத் திறந்து, பாட்டியின் வெள்ளை அங்கியை வெளியே எடுத்து, இதுவும் சாட்சி என்று போடணும். ஷிமாதா அதைச் செய்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பேசுகிறோம் என்று வருகிற மற்றவர்களிடமும் நான் கேட்பது இதைத்தான்: உன் வீட்டு அலமாரி சாவி எங்கே?