கைதானவர் பெயர் எந்தப் பலகையில்?

“உங்கள் மகனைப் போலீசார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்!”

மல்லாங்கிணற்றில் ஒரு வீட்டு வாசலில் இப்படி ஒரு சேதி வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பையன் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அங்கே வெடி விபத்து. தாய் பதறிப்போய் உள்ளூர்ப் போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறாள். “இங்கே யாரும் இல்லை, அம்மா” என்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். விபத்து நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லையோ, அங்கேதான் வழக்கு. அது சிவகாசியா, சாத்தூரா, வெம்பக்கோட்டையா? ஜில்லாவின் தலைமை கோர்ட்டோ ஸ்ரீவில்லிபுத்தூரில். அவள் எங்கே போவாள்?

சட்டம் அவளைக் கைவிடவில்லை. ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து கேட்க வேண்டும்.

பலகையைக் காட்டுங்கள்!

1996-ம் ஆண்டு டிசம்பரில், டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும்போது போலீசார் என்னென்ன செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 11 கட்டளைகள் இட்டது. கைதானவர் பெயரை ஜில்லா கட்டுப்பாட்டு அறையில் பலகையில் எழுதிப் போடவேண்டும் என்பது 2010-ல் சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது.

1-7-2024 முதல் பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டம் போய், பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. (பெயர் வாயில் நுழையவில்லையா? பல வக்கீல்களுக்கும் அப்படித்தான்!) அதன் 37-வது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஜில்லாத் தலைநகரில் மட்டுமல்ல. ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் கைதானவரின் பெயர், விலாசம், என்ன குற்றம் என்ற விவரம் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும். கம்ப்யூட்டர் திரையிலும் காட்டலாம். இதற்கென்று உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும்.

ஆகவே, “என் மகன் எங்கே?” என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. “கைதானவர் பட்டியலைக் காட்டுங்கள். அதற்குப் பொறுப்பான அதிகாரி யார்?” என்று கேட்கவேண்டும். விருதுநகர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கைது செய்த சேதியை உறவினருக்குச் சொல்ல வேண்டியது போலீசாரின் கடமை. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தவேண்டும். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. பையனைப் பிடித்த நேரம் என்ன? அதை முதலில் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாதவர்

இங்கேதான் பெரிய ஓட்டை. “கைது இல்லை, சும்மா விசாரணைக்குத்தான்” என்று கூட்டிப் போனால்? பெயர் எந்தப் பலகையிலும் ஏறாது!

பக்கத்துச் சிவகங்கை ஜில்லாவில், மடப்புரம் காளி கோவில் காவலாளி அஜித்குமாரை நகை காணாமல் போன புகாரில் போலீசார் விசாரித்தார்கள். 2025 ஜூன் 28-ந் தேதி அவர் இறந்துபோனார். 5 போலீசார் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. கைதாகாதவனுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. கைதானவனுக்கு ஒரு காகிதம், ஒரு மாஜிஸ்திரேட்டு, ஒரு கெடு உண்டு. விசாரணைக்குப் போனவனுக்கு எதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் உடனே போலீஸ் சூப்பிரண்டுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி கொடுப்பார்கள். தந்தியில் நாளும் நேரமும் இருக்கும். பிறகு யாரும் மறுக்க முடியாது. தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது அந்த வேலையை ஈ-மெயிலும் ஸ்பீடு போஸ்டும் செய்யவேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால், ஐகோர்ட்டு மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. தகவல் உரிமைச் சட்டத்தில்கூட, ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய கேள்வி என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

நம்பர் இல்லாவிட்டால்?

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையதளத்தில் போடும்படி 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கற்பழிப்பு போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு போலீஸ் தளத்தில் நீங்களே பார்க்கலாம். ஆனால் அது கேட்பது என்ன? ஜில்லா, போலீஸ் நிலையம், வருஷம், அறிக்கையின் நம்பர். தாயின் கையில் இருப்பதோ மகனின் பெயர் மட்டும்! நம்பர் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கிறது. ஆகவே நிலையத்தைவிட்டு வருவதற்கு முன் அந்த நம்பரைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கோர்ட்டுகளின் ஈ-கோர்ட்ஸ் தளம் கொஞ்சம் இரக்கமுள்ளது. பெயரைக் கொடுத்தும் தேடலாம். ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் குமாஸ்தா எப்படி எழுதினாரோ, அப்படியே எழுதவேண்டும். ஓர் எழுத்து கூடினாலும் ஆள் கிடைக்கமாட்டார். நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். கேஸ் கிடைத்துவிட்டால், அதற்குரிய 16 இலக்க அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எந்த ஊரிலிருந்தும் வாய்தா தேதியைப் பார்க்கலாம்.

பிடிவாரண்டு

அமெரிக்காவில் சில ஊர்களில், யார் மேல் வாரண்டு இருக்கிறது என்பதை ஷெரீப் அலுவலகமே இணையத்தில் போட்டுவிடுகிறது. நம் நாட்டில் பொதுமக்கள் பார்க்க அப்படிப் பொதுவான பட்டியல் கிடையாது. பட்டியல் போட்டால் ஆள் ஓடிவிடுவான் என்பது நியாயம்தான்.

ஆனால் ஓடாதவனும் அகப்படுகிறான். ஜாமீனில் வந்தவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். வாய்தாவை மறக்கிறான். கோர்ட்டு வாரண்டு போடுகிறது. மூன்று வருஷம் கழித்து, பொங்கலுக்கு ஊர் வந்தவனைப் போலீசார் பிடிக்கிறார்கள்! பிடிவாரண்டுக்கு வயது கிடையாது. நிறைவேற்றும் வரை, அல்லது போட்ட கோர்ட்டே ரத்து செய்யும் வரை, அது உயிரோடு இருக்கும். ஈ-கோர்ட்ஸில் கேஸின் நிலை என்ற இடத்தில் வாரண்டு என்று குறித்திருந்தால், வக்கீலோடு தானாகப் போய் ரத்து மனு போடுவது நல்லது. பிடித்துக்கொண்டு போய் நிறுத்தப்படுகிறவனுக்கும், தானாக வந்து நிற்கிறவனுக்கும் மாஜிஸ்திரேட்டு கண்ணில் வித்தியாசம் உண்டு.

செல்போனில் வந்த வாரண்டு

இப்போது புதுவிதமான வாரண்டு ஒன்று புறப்பட்டிருக்கிறது. “உங்கள் பெயரில் வாரண்டு இருக்கிறது. காமிராவைவிட்டு நகராதீர்கள். பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்!” இதற்கு டிஜிட்டல் கைது என்று பெயர். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. சுப்ரீம் கோர்ட்டின் பெயரிலேயே பொய் உத்தரவு தயாரித்துப் பணம் பறித்திருக்கிறார்கள். 2025-ல் கோர்ட்டு அதைத் தானாகவே எடுத்து விசாரித்து, சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

நிஜ வாரண்டில் கோர்ட்டின் முத்திரையும் நீதிபதியின் கையெழுத்தும் இருக்கும். எந்தக் கோர்ட்டு, என்ன கேஸ் நம்பர் என்று கேளுங்கள். சொன்னால், அதை ஈ-கோர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். சொல்லாமல் மிரட்டினால், போனை வைத்துவிட்டு 1930-க்குப் பேசுங்கள்.