பர்மிட் வாங்குறது சுலபம்... பாக்கெட்டுல வச்சிருக்கறதுதான் கஷ்டம்!

“உங்களுக்கு எதுக்குங்க துப்பாக்கி?”

நியூயார்க்கில் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல பர்மிட் கேட்டுப் போனவர்கள், நூறு வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘பயமா இருக்கு’ என்றால் போதாது. ‘நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றேன், ஏரியா சரியில்லை’ என்றாலும் போதாது. ஊரில் மற்றவர்களுக்கு இல்லாத ஆபத்து உங்களுக்கு மட்டும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். கலிஃபோர்னியா, நியூஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் மாநிலங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

2022 ஜூன் 23-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ‘புரூயென்’ வழக்கு என்று அதற்குப் பெயர். 6-க்கு 3 என்ற கணக்கில் வந்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். ‘ஆயுதம் வைத்துக்கொள்வது அரசியல் சாசனம் தந்த உரிமை, உரிமையைப் பயன்படுத்த காரணம் சொல்லச் சொல்வது என்ன நியாயம்?’ என்பதுதான் தீர்ப்பின் சாரம். கேள்வி அப்படியே தலைகீழாக மாறிப்போனது. ‘உனக்கு ஏன் தர வேண்டும்?’ என்று கேட்ட அதிகாரி, இப்போது ‘உனக்கு ஏன் தரக் கூடாது?’ என்பதற்குக் காரணம் தேட வேண்டும்.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? பட்டியலில் உள்ள மாநிலங்களை இன்னொரு முறை பாருங்கள். எடிசனும் ஜெர்சி சிட்டியும் நியூஜெர்சியில். சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமான்ட் எல்லாம் கலிஃபோர்னியாவில். நம் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் குடியிருக்கும் ஊர்களில்தான் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. தங்க நகைக்காக இந்தியக் குடும்பங்களின் வீடுகளைக் குறிவைக்கும் திருட்டுகள் பற்றி அங்கே போலீஸே எச்சரித்ததுண்டு. ‘நாமளும் ஒண்ணு வாங்கி வச்சுக்கலாமா?’ என்ற பேச்சு வருவதில் ஆச்சர்யமில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டுக்குள் வைத்திருப்பது வேறு, இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போவது வேறு. கலிஃபோர்னியாவில் வீட்டுக்குள் வைத்திருக்க இந்தப் பர்மிட் தேவையே இல்லை. துப்பாக்கிப் பாதுகாப்புத் தேர்வு எழுதி, 10 நாள் காத்திருந்து கடையில் வாங்கலாம். நியூயார்க்கில் வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். நகைத் திருட்டுக்குப் பயந்து விசாரிப்பவர்களில் பலருக்கு, அவர்கள் கேட்கும் பர்மிட்டே தேவைப்படாது.

யார் கையில் இருந்தது அதிகாரம்?

கலிஃபோர்னியாவில் இந்தப் பர்மிட்டைக் கொடுப்பது மாநில அரசு அல்ல. கவுன்டி எனப்படும் மாவட்டத்தின் ஷெரிஃப், அல்லது நகரப் போலீஸ் தலைவர். ஷெரிஃப் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. ஒரு கவுன்டியில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும். பக்கத்து கவுன்டியில் குட்டிக்கரணம் போட்டாலும் கிடைக்காது. எல்லாம் ஷெரிஃப் மனசைப் பொறுத்தது.

அந்த ‘மனசு’ எப்படி வேலை செய்யும் என்பதற்கு சான்டா கிளாரா கவுன்டியே சாட்சி. சிலிக்கான் வேலியின் இதயம் அது. தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் நிறைந்த இடம். 1998-ல் இங்கே ஷெரிஃபாகத் தேர்வான லாரி ஸ்மித், கலிஃபோர்னியாவில் அந்தப் பதவிக்குத் தேர்தலில் ஜெயித்த முதல் பெண். 20 வருடத்துக்கும் மேல் பதவியில் இருந்தார். சாதாரண ஆட்களின் விண்ணப்பங்கள் கிடப்பில் கிடக்க, தேர்தல் நிதி கொடுத்தவர்களுக்கும் பெரிய இடத்து ஆட்களுக்கும் பர்மிட் போகிறது என்று புகார் கிளம்பியது. 2022 நவம்பரில் ஒரு சிவில் ஜூரி, அவர்மீதான 6 குற்றச்சாட்டுகளும் உண்மை என்று தீர்ப்பு சொன்னது. பர்மிட் கொடுப்பதில் காட்டிய பாரபட்சமும் அதில் அடக்கம். தீர்ப்பு வருவதற்குச் சில நாள் முன்பே அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

‘காரணம் சொல்லு’ என்ற விதி துப்பாக்கிகளைக் குறைத்தது உண்மைதான். ஆனால், யாருக்குக் குறைத்தது? கடை முடித்து ராத்திரி 12 மணிக்குக் கல்லாப் பணத்தோடு வீடு திரும்புபவருக்கு. பணமும் பழக்கமும் இருந்தவர்களுக்கு எப்போதும் குறைவில்லை. அந்த விதி போனதற்காக நான் கண்ணீர் விட மாட்டேன். அதற்குப் பதிலாக வந்ததைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மனைவிக்கு வரும் போன்

தீர்ப்பு வந்த வேகத்திலேயே மாநிலங்கள் புதுச் சட்டம் போட்டன. நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல் ஒன்பதாவது நாளே கையெழுத்திட்டார். 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுட்டுப் பழகும் பயிற்சி, நேர்காணல், நல்லவர் என்று சொல்ல 4 பேர். கூடவே, கடந்த 3 வருட சோஷியல் மீடியா கணக்குகளின் பட்டியல்! ‘நான் ஃபேஸ்புக்ல போட்டதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். சோஷியல் மீடியா பட்டியல் கேட்பதை மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நன்னடத்தை விதி நின்றது. நியூஜெர்சி 50 டாலராக இருந்த கட்டணத்தை 200 டாலராக்கியது.

கலிஃபோர்னியாவின் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 21 வயது, குறைந்தது 16 மணி நேரப் பயிற்சி. 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது இன்னொரு 8 மணி நேரம். பரிந்துரைக்கு 3 பேர். அந்த மூவரில், கணவனோ மனைவியோ இருந்தால் அவரையும் கண்டிப்பாக விசாரிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

இந்தச் சட்டத்திலேயே உருப்படியான வரி இதுதான் என்பேன். ஆபீஸில் தங்கமான மனுஷன், சங்கத்தில் பொறுப்பான செயலாளர்... அவரைப் பற்றி வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது நண்பர்களுக்குத் தெரியாது. ஆனால், கணவர் பக்கத்து அறையில் இருக்கும்போது, கணவரின் விசாவில் வந்த பெண் போனில் எவ்வளவு தூரம் மனம் திறப்பார் என்பது வேறு விஷயம். சட்டம் நேரில்தான் விசாரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, போன் போதும். வீட்டு வன்முறை வழக்கில் நீதிமன்றத் தடை பெற்றவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றமே 8-க்கு 1 என உறுதி செய்தது. ஆனால், தடை உத்தரவுக்கு யாராவது முதலில் புகார் கொடுத்திருக்க வேண்டுமே!

இத்தனையும் முடித்தால் அடுத்தது காத்திருப்பு. விண்ணப்பத்தை 90 நாளுக்குள் முதல்கட்டமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. 2024 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை புதிதாக விண்ணப்பித்த 3,982 பேரில் 2 பேருக்குத்தான் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஷெரிஃப் துறை பர்மிட் கொடுத்தது என்று சொல்லி, 2025 செப்டம்பரில் மத்திய நீதித்துறையே வழக்கு போட்டது. ‘ஆள் பற்றாக்குறை’ என்கிறது ஷெரிஃப் துறை. அளவுக்கு மீறிய தாமதமும் கட்டணமும் உரிமையைப் பறிப்பதாகிவிடலாம் என்று புரூயென் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றே சொல்லியிருந்தது. ‘முடியாது’ என்று சொல்ல முடியாத அலுவலகம், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டது. நமக்கு இது புதுசா என்ன?

கோயிலுக்குப் போகலாம், பார்க்குக்குப் போகக் கூடாது

சரி, பர்மிட் கைக்கு வந்தாச்சு. எங்கே கொண்டு போகலாம்?

உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பம். புதுச் சட்டங்கள் எல்லாமே துப்பாக்கி நுழையக் கூடாத இடங்களின் நீண்ட பட்டியலோடு வந்தன. பூங்கா, நூலகம், மதுபானம் தரும் ஹோட்டல், ஆஸ்பத்திரி, பேங்க், பஸ், ரயில், வழிபாட்டுத் தலம்... அந்தப் பட்டியலும் நிலையாக நிற்கவில்லை. கலிஃபோர்னியா பட்டியலின் பெரும்பகுதியை 2023 டிசம்பர் 20-ல் ஒரு நீதிபதி நிறுத்தினார். டிசம்பர் 30-ல் மேல் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. 2024 ஜனவரி 6-ல் மேல் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அதையும் நீக்கியது. பதினெட்டே நாளில் ஒரே பையில் இருந்த ஒரே துப்பாக்கி, சட்டப்படி சரி, தப்பு, மறுபடி சரி!

2024 செப்டம்பர் 6-ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு பட்டியலை இரண்டாகப் பிளந்தது. பூங்கா, விளையாட்டு மைதானம், நூலகம், மியூசியம், மது பரிமாறும் ஹோட்டல்: தடை செல்லும். கோயில், சர்ச், பேங்க், ஆஸ்பத்திரி, பஸ்: தடை செல்லாது. நம்ம ஆட்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதில் பொருத்திப் பாருங்கள். காலையில் கோயிலுக்குப் போனால், நிர்வாகமே கூடாதென்று சொல்லாதவரை, மாநிலச் சட்டத்தில் தப்பில்லை. அங்கிருந்து பையனின் கிரிக்கெட் மேட்ச்சுக்கு பார்க்குக்குப் போனால் தப்பு. மதியம் பிரியாணி சாப்பிடப் போன ஹோட்டலில் பீர் விற்றால் தப்பு. சங்கத்தின் பொங்கல் விழா தெருவில் நடந்தால் ஒரு விதி, பூங்காவில் நடந்தால் வேறு விதி.

ஏன் இந்த வினோதம்? இன்றைய தடைக்கு இணையாக அந்தக் காலத்தில் ஏதாவது சட்டம் இருந்ததா என்று பார்க்கச் சொல்லிவிட்டது புரூயென் தீர்ப்பு. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டி, ‘பார்க்குக்கு இருக்கு, பேங்குக்கு இல்லை’ என்று நீதிபதிகள் முடிவு செய்கிறார்கள். ஒரே புத்தகத்தைப் படித்து ஒருவர் ஒன்றைச் சொல்ல, அடுத்தவர் வேறொன்றைச் சொல்கிறார். கடைக்காரர் அனுமதி தராமல் கடைக்குள் துப்பாக்கியோடு நுழையலாமா என்பதில் நியூயார்க் பக்கத்து மேல் நீதிமன்றமும் கலிஃபோர்னியா, ஹவாய் பக்கத்து மேல் நீதிமன்றமும் எதிரெதிராக நின்றன. ஹவாய் சட்டம் பற்றிய அந்த வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது.

முன்பு அதிகாரியின் மேசையில் இருந்த பாரம் இப்போது பர்மிட் வைத்திருப்பவரின் தலையில். தப்பு நடந்தால் யாருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் தடை செய்த இடத்துக்குத் துப்பாக்கியோடு போனால் வழக்கு, தண்டனை, பர்மிட் ரத்து. கிரீன் கார்டு வைத்திருப்பவர் அதே தப்பைச் செய்தால்? எந்தச் சட்டத்தையும் மீறித் துப்பாக்கி வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ தண்டனை பெற்றால், அந்த வெளிநாட்டவரை நாட்டை விட்டு அனுப்பலாம் என்கிறது அமெரிக்கக் குடியேற்றச் சட்டம். பதினைந்து வருடம் காத்திருந்து வாங்கிய கார்டு, மறந்துபோய் இடுப்போடு பார்க்குக்குள் நுழைந்ததில் போகலாம்.

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 விசாக்காரர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி தேவையே இல்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. தண்டனை 15 வருடம் வரை போகலாம். பேரனைப் பார்க்க சுற்றுலா விசாவில் போன தாத்தாவும் இதில் அடக்கம். ‘வாங்க மாமா, ஷூட்டிங் ரேஞ்சுல ஒரு போட்டோ எடுத்துக்கலாம்’ என்று மாப்பிள்ளை ஆசையாகக் கூப்பிட்டால், ‘சட்டம் என்னன்னு பார்த்துட்டு வாங்க மாப்பிள்ளை’ என்று சொல்லிவிடுங்கள்.

டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் சிரிக்கலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயதானவருக்குப் பர்மிட்டே வேண்டாம். இப்படி பர்மிட் கேட்காத மாநிலங்கள் 2024-ல் 29 ஆகிவிட்டன. ஆனால், அந்தச் சுதந்திரம் மாநில எல்லையோடு முடிகிறது. டெக்சாஸ் பர்மிட்டையே கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் ஏற்பதில்லை. டெக்சாஸிலிருந்து சான் ஹோசேயில் வேலை கிடைத்து, காரில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பம், டேஷ்போர்டில் கிடப்பதை எடுத்துப் பூட்டி வைக்க ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். தடை செய்த இடங்களின் இன்றைய பட்டியலை உங்கள் கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தில் கேளுங்கள், தேதியோடு. பர்மிட்டால் உங்கள் விசாவுக்கு என்ன ஆகும் என்பதைத் துப்பாக்கிப் பயிற்சியாளரிடம் கேட்காதீர்கள். குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். முதலாமவருக்குச் சுடத் தெரியும், அவ்வளவுதான்.