90 நாள் கணக்கு என்ன ஆனது?

அமெரிக்காவில் வேலை அனுமதிக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள்தான். "பாவம், எத்தனை மாதமாய்க் காத்திருக்கிறார்கள்" என்பது ஒன்று. "அடுத்தவன் நாட்டில் வேலை கேட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டு கட்சியுமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் போட்டவருக்கு ஆயிரம் கெடு உண்டு. அதைப் பரிசீலிக்கும் அலுவலகத்துக்குக் கெடு உண்டா?

ஒரு காலத்தில் இருந்தது. 90 நாள். அது எப்படிக் காணாமல் போனது என்பது தெரிந்தால் இந்தச் சண்டையில் பாதி குறைந்துவிடும்.

முதலில் அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம். ஈஏடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஐ-765 என்ற படிவத்தை நிரப்பி, கட்டணம் கட்டி வாங்க வேண்டும். ஹெச்-1பி விசாவில் போனவருக்கு இது தேவையில்லை, அவருடைய விசாவே வேலைக்கானது. அடைக்கலம் கேட்டு வந்தவர்கள், கிரீன் கார்டு விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் நிற்பவர்கள், படிப்பை முடித்துவிட்டு ஓபிடி-யில் வேலை தேடும் மாணவர்கள், ஹெச்-1பி காரர்களின் கணவன் அல்லது மனைவி... இவர்களுக்கெல்லாம் இந்த அட்டைதான் சோறு. அட்டையின் முகத்திலேயே காலாவதி தேதி அச்சடித்திருக்கும். 1986-ல் வந்த சட்டப்படி, வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு முதலாளியும் ஆளின் அனுமதியைச் சரிபார்த்தாக வேண்டும். அந்தத் தேதி தாண்டிய பிறகும் தெரிந்தே வேலையில் வைத்திருந்தால் முதலாளிக்கு அபராதம். எனவே தேதி முடிந்த மறுநாள் "மேடம், கார்டு வந்ததும் வாங்க" என்று அனுப்பி வைப்பதைத் தவிர அவருக்கும் வேறு வழியில்லை. ஐந்து மாதம் முன்பே விண்ணப்பித்தாயிற்று, எல்லாத் தாளும் சரியாக இருக்கிறது, தாமதம் அலுவலகத்தினுடையது என்று சொன்னாலும் அங்கே எடுபடாது. சம்பளம் நிற்கும். வேலையோடு ஒட்டிய மருத்துவக் காப்பீடும் பல இடங்களில் கூடவே போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அனுமதி கிடைத்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. 2020 கோடையில் அட்டை அச்சடிக்கும் ஒப்பந்தம் முடிந்துபோய், ஒப்புதல் ஆன பல்லாயிரம் விண்ணப்பங்களுக்கு அட்டையே வரவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை! ஓஹாயோவில் வழக்குப் போட்ட பிறகுதான், ஒப்புதல் கடிதத்தையே தற்காலிகமாக முதலாளியிடம் காட்டலாம் என்று இறங்கி வந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் அட்டை அச்சாகவில்லை என்பதற்காக வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்தவர்களின் கதை அது.

சரி, 90 நாளுக்கு வருவோம். பழைய விதி இதுதான்: விண்ணப்பம் வந்து 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அதிகபட்சம் 240 நாள் செல்லுபடியாகும் ஓர் இடைக்கால அனுமதியைத் தர வேண்டும். நடைமுறையில் இது எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் விதி புத்தகத்தில் இருந்தது, கேட்பதற்கு ஒரு பிடி இருந்தது. 2017 ஜனவரி 17 அன்று அமலுக்கு வந்த புதிய விதி இதை எடுத்துவிட்டது. இடைக்கால அட்டை பாதுகாப்பானதல்ல, தகுதியில்லாதவர் கைக்கும் போய்விடலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். பதிலுக்கு வேறொன்று கொடுத்தார்கள். பழைய அட்டை முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், சில பிரிவினருக்கு அந்தப் பழைய அட்டையே இன்னும் 180 நாள் செல்லும்.

நம்மூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 2005-ல் கொடுத்த ரேஷன் கார்டை, 2017-ல் ஸ்மார்ட் கார்டு வரும்வரை உள்தாள் ஒட்டி ஒட்டியே ஓட்டவில்லையா? அதே மாதிரிதான். புது அட்டை கொடுக்க அரசாங்கத்தால் முடியவில்லை என்பதற்காக யாருடைய அரிசியும் நிற்கவில்லை. அலுவலகத்தின் தாமதத்தை அலுவலகமே சுமந்தது.

ஆக 2017-ல் நடந்தது ஒரு பண்டமாற்று. "எங்களைக் கெடு வைத்து விரட்டாதே, நாங்கள் தாமதித்தாலும் உன் வேலை போகாமல் பார்த்துக்கொள்கிறோம்." மோசமான ஏற்பாடு என்று சொல்ல முடியாது. புதுப்பிப்பவருக்கு வேண்டியது வேலை தொடர்வதுதான், அட்டை எப்போது வந்தால் என்ன?

கெடு போனதும் என்ன ஆகுமோ அது ஆனது. கொரோனா காலத்துக்குப் பிறகு தேக்கம் மலை மாதிரி ஏறி, 180 நாளும் போதாமல் போயிற்று. 2022 மே மாதம், ஏற்கனவே அனுமதி முடிந்துபோனவர்களும் அடுத்த 30 நாளில் முடியப்போகிறவர்களுமாக ஏறக்குறைய 87,000 பேர் இருப்பதாகத் துறையே கணக்குச் சொன்னது. உடனே 180-ஐ 540 ஆக்கினார்கள். முதலில் தற்காலிகமாக, 2024 ஏப்ரலில் மறுபடியும் தற்காலிகமாக, 2025 ஜனவரி 13 முதல் நிரந்தரமாக. இந்த 'நிரந்தரம்' பத்து மாதம்கூட ஓடவில்லை. 2025 அக்டோபர் 30 அன்றும் அதற்குப் பிறகும் புதுப்பிக்க விண்ணப்பிக்கும் பெரும்பாலோருக்குத் தானாக நீளும் சலுகையே கிடையாது என்று புதிய விதி வந்துவிட்டது. (ஸ்டெம் ஓபிடி மாணவர்களின் 180 நாள் வேறு விதியின் கீழ் வருவதால் அது தப்பியது. அந்தப் பிரிவில் இருக்கும் நண்பர்கள் பயப்பட வேண்டாம்.)

அரசு சொன்ன காரணம் பாதுகாப்பு. ஆளை மறுபடி சோதிக்காமல் ஒன்றரை வருஷத்துக்கு அனுமதியை நீட்டுவது ஆபத்து என்றார்கள். இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. சோதித்துவிட்டுத்தான் கொடுப்போம் என்று சொல்ல எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் பாருங்கள், பண்டமாற்றில் தான் கொடுத்த மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகிறவன், தான் வாங்கிய நெல்லையும் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? 540 நாள் போயிற்று. 90 நாள் கெடு திரும்பி வரவில்லை. 2016-ல் கையில் இருந்ததும் இல்லை, 2025-ல் கையில் இருந்ததும் இல்லை. காலாவதிக்கு 180 நாள் முன்பே விண்ணப்பியுங்கள் என்ற அறிவுரை மட்டும் மிச்சம். விண்ணப்பித்த பிறகு எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

இதில் நம்மூர்ப் பெண்கள் மாட்டிக்கொண்டிருக்கும் முடிச்சு தனிக் கதை. கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய ஹெச்-1பி காரரின் துணைக்கு வேலை அனுமதி கிடைக்கத் தொடங்கியது 2015 மே 26 முதல். அந்த வரிசை இந்தியர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நீளம் என்றால், ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்புதான். எனவே முதல் சில ஆண்டுகளில் ஹெச்-4 அட்டை வாங்கியவர்களில் 93 சதவீதம் இந்தியாவில் பிறந்தவர்கள், பெண்களும் 93 சதவீதம். சென்னையிலும் கோவையிலும் பொறியியல் படித்து, நல்ல வேலையை விட்டுவிட்டுக் கணவனோடு போனவர்கள் இதில் எத்தனையோ பேர்.

இவர்களுக்கு ஒன்றல்ல, மூன்று தாள். கணவனின் ஹெச்-1பி நீள வேண்டும், அதன் மேல் மனைவியின் ஹெச்-4 நீள வேண்டும், அதன் மேல் வேலை அட்டை. கணவனின் தாளுக்குக் கூடுதல் பணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும். மனைவியின் தாளுக்கு அந்த வசதியே கிடையாது. முன்பெல்லாம் மூன்றையும் ஒரே மேஜையில் சேர்த்து முடித்துவிடுவது வழக்கம். 2019 மார்ச்சில் ஹெச்-4 நீட்டிப்புக்குக் கைரேகை வேண்டும் என்றதும் அந்த வழக்கம் முறிந்தது. கைரேகை எடுத்தவர்களிடமே மறுபடி கைரேகை! கணவனுக்கு இரண்டு வாரம், மனைவிக்குப் பல மாதம். வேலை இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 2021 மே மாதம் கைரேகை நிறுத்தப்பட்டது. 2023 ஜனவரியில் ஓர் உடன்பாடு: மூன்றும் சேர்ந்து வந்தால் சேர்த்தே பார்ப்போம், இரண்டு வருஷத்துக்கு. அந்த இரண்டு வருஷமும் 2025 ஜனவரியோடு முடிந்தது. கோர்ட் வாசலில் கிடைத்த நல்லது எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காலாவதி தேதி இருக்கிறது, அட்டையைப் போலவே.

ஆள் பற்றாக்குறை, விண்ணப்பங்கள் ஏராளம், அலுவலகம் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 2023 மார்ச்சிலிருந்து ஓபிடி மாணவர்களின் ஐ-765-க்கு விரைவுக் கட்டணம் வந்தது. அறிமுகத்தில் 1,500 டாலர், பிறகு ஏறியது. கட்டினால் 30 வேலை நாளில் ஏதாவது ஒரு பதில் நிச்சயம். அதே படிவம், அதே சோதனை. பணம் கட்டிய மாணவனின் பாதுகாப்புச் சோதனையை 30 நாளில் முடிக்க முடிகிறதென்றால், கட்ட வழியே இல்லாத அடைக்கலக்காரரின் சோதனைக்குக் காலவரையறையே ஏன் இல்லை? திருப்பதியில் சிறப்பு தரிசனம் உண்டுதான். ஆனால் இலவச வரிசையில் நிற்பவருக்கும் என்றாவது தரிசனம் கிடைக்கிறது, இடையில் அவர் வேலையும் போவதில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். அடைக்கலம் கேட்பவர்களின் முதல் அட்டைக்கு மட்டும் 30 நாள் கெடு தனியாக விதியில் இருந்தது. அதை அலுவலகம் மதிக்கவில்லை. 2010 முதல் 2017 வரை சுமார் 22 சதவீத விண்ணப்பங்கள்தான் 30 நாளுக்குள் முடிந்தன. 2018-ல் வாஷிங்டன் மாநிலத்தின் மத்திய நீதிமன்றம், ரொசாரியோ வழக்கில், விதியில் உள்ளபடி 30 நாளில் முடி என்று உத்தரவிட்டது. அதற்குப் பிறகு பெரும்பாலான விண்ணப்பங்கள் கெடுவுக்குள் முடிந்தன. அதே அலுவலகம்தான். மாறியது, தாமதித்தால் நீதிபதிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒன்றே. இதற்குப் பிறகும் 'முடியாது' என்பதை நம்புவது கஷ்டம்.

ஆகவே கேட்க வேண்டியது புதிதாக எதையும் அல்ல, பழைய 90 நாளைத்தான். சோதனை கடுமையாக இருக்கட்டும், தகுதியில்லாதவருக்கு மறுக்கட்டும், 89-வது நாளில் மறுத்தாலும் சரி. 90-வது நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால் அதுவரை வேலை தொடரட்டும். புதுப்பிக்க வருபவர் ஏற்கனவே ஒருமுறை சோதிக்கப்பட்டவர், அதே நாட்டில் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருப்பவர் என்பதையும் மறக்க வேண்டாம். அவரை வீட்டில் உட்கார வைப்பதால் அவர் எந்த வகையில் பாதுகாப்பானவராக மாறுகிறார் என்பதை யாரும் விளக்கவில்லை.

இப்போதைய நிலையை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். அடைக்கலம் கேட்ட இருவர், இருவர் அட்டையும் 2026 ஏப்ரல் கடைசியில் காலாவதி. ஒருவர் 2025 அக்டோபர் 29 அன்று புதுப்பிக்க விண்ணப்பித்தார். அவர் 2027 அக்டோபர் வரை கவலையில்லாமல் வேலைக்குப் போகலாம். மற்றவருக்கு அன்று வேலை அதிகம், மறுநாள் அனுப்பினார். மே முதல் தேதி புது அட்டை கையில் இல்லையென்றால் அவருக்கு வேலை இல்லை. இருவரையும் சோதிக்கப்போவது ஒரே அலுவலகம்.